ஜிப் ஃபைலுக்குள் இருந்த அப்பா

படித்த காலத்தில் கல்லூரி கொடுத்த மெயில் கணக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு மூடப்படும் என்று தகவல் வந்தபோது, ஈரோட்டைச் சேர்ந்த அந்தப் பெண் அலட்டிக்கொள்ளவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் சுருக்கென்றது. பத்து வருஷத்துப் போட்டோ எல்லாம் அந்தக் கணக்கில்தானே இருக்கிறது! 2019-ல் இறந்துபோன அப்பாவின் வீடியோக்களும்.

கூகுள் டேக்அவுட்டில் மொத்தத்தையும் கேட்டார். எத்தனை ஜிபி துண்டுகளாக வேண்டும் என்று அது கேட்கும். வழக்கமாக இருப்பது 2 ஜிபி. 'எதுக்கு இருபது ஃபைல், ஒண்ணா வரட்டும்' என்று 50 ஜிபியைத் தட்டிவிட்டார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. 41 ஜிபியில் ஒரே ஜிப் வந்து இறங்கியது. லேப்டாப்பின் கொள்ளளவே 128 ஜிபி; அதில் மிச்சம் 5 ஜிபி.

'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' அழுத்தினார். இடம் போதாது என்றது.

ஜிப் என்றால் சுருங்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வெறும் எழுத்து உள்ள ஃபைல்கள் நன்றாகவே சுருங்கும். போனில் எடுக்கும் ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன சொட்டும்? ஆக, ஜிப்புக்கு ஒரு 41, பிரித்து வைக்க இன்னொரு 41.

புதன்கிழமை இரவு 11 மணி. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, எடுத்ததை ஜிப்பிலிருந்து அழித்துக்கொண்டே போனால்? பெங்களூரில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"அக்கா, அதை மட்டும் பண்ணிடாத. உள்ள ஒண்ணை அழிச்சா, மிச்சத்தை வெச்சு புதுசா ஒரு ஜிப் எழுதிட்டுத்தான் பழசைத் தூக்கும். அதுக்கும் இடம் வேணும்."

"அப்புறம் என்னதான்டா பண்றது?"

"முழுசா ஏன் பிரிக்கறே? உனக்கு முதல்ல எது வேணும்?"

அந்தக் கேள்விக்கு அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்தது.

ஜிப்பின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று. அதனால் நடுவிலிருந்து ஒன்றை மட்டும்கூட உருவலாம். செவன்-ஜிப்பில் திறந்து, முதலில் 'டெஸ்ட்' கொடுத்து ஃபைல் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான் தம்பி. ஒரு மணி நேரத்துக்குமேல் இழுத்தது, பிழை இல்லை. உள்ளே வருஷவாரியாக ஃபோல்டர்கள். 2016, 2017, 2018 மூன்றையும் தேர்ந்தெடுத்தார்.

எங்கே போடுவது? கணவரின் காரில் பாட்டு நிரம்பிய 32 ஜிபி பென்டிரைவ் இருந்தது. அதில் 20 ஜிபி காலி.

"மவுஸால இழுத்துப் போடாதக்கா. பல நேரம் அது சி டிரைவ்ல தற்காலிகமா பிரிச்சுட்டுத்தான் பென்டிரைவுக்கு அனுப்பும், பாதியில நின்னுடும். 'எக்ஸ்ட்ராக்ட்' அழுத்தி, பென்டிரைவையே இடமாக் காட்டு."

மூன்று வருஷமும் சேர்ந்து 11 ஜிபிதான். முடியும்போது மணி இரண்டே கால்.

2017 ஃபோல்டரில் பதினாலு நொடி வீடியோ ஒன்று. வீட்டு வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் அப்பா. போட்டோ எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். கடைசியில் பொறுமையிழந்து, "ஏங்கண்ணு, எடுத்தாச்சா இல்லியா?"

ஜிப்பை அவர் இன்னும் அழிக்கவில்லை. மற்ற வருஷங்களுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கும்வரை அது அப்படியே இருக்கட்டும் என்கிறார். பென்டிரைவும் காருக்குத் திரும்பவில்லை.