கருடன் எங்கே இறங்கும்?



போன ஞாயிறு அன்னதானத்துக்குக் காய் நறுக்கிட்டு இருந்தப்போ எங்க தொண்டூழியர் குழுவில ஒரு சின்ன வாக்குவாதம். மண்டபக் கூரையில சூரியசக்தித் தகடு போடலாமான்னு பேச்சு. "சூரிய பகவான் தர்ற கரண்ட். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றோம் நாங்கள் பலரும். மூத்த அக்கா ஒருவர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கூரை ஓரத்துக் கம்பியில தேன்சிட்டு கூடு கட்டியிருக்கே, யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. வாராவாரம் அந்தக் கூரைக்குக் கீழதான் நிக்கிறோம்!

அன்றிரவு தெங்கே நீர்த்தேக்கத்தைப் பற்றித் தேடிப் படித்தோம். துவாஸ் பக்கம் இருக்கிறது. 2021 ஜூலையில் அங்கே 1,22,000 மிதக்கும் தகடுகளோடு 60 மெகாவாட்-பீக் திறனுள்ள சூரியசக்திப் பண்ணை திறக்கப்பட்டது. சுமார் 45 காற்பந்துத் திடல் அளவு. நீர்ப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் ஊர் நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஐந்துக்குத் தேவையான மின்சாரத்துக்கு அது ஈடாகிறது. அபிஷேகத்துக்கு நாம திறக்கிற குழாய்த் தண்ணீருக்குப் பின்னாலயும் அந்த வெயில் இருக்கு.

ஆனா எங்களை நிறுத்தியது வேற விஷயம். தண்ணீரை மூடினா கீழே வெளிச்சம் குறையும், ஆக்சிஜனும் குறையலாம். மீன் என்ன ஆகும், மீனை நம்பியிருக்கும் பறவை என்ன ஆகும்? அதனால பொதுப் பயனீட்டுக் கழகம் 2015 முதல் 2018 வரை ஆய்வு செய்தது. உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், நீரின் தரத்தை அளந்தார்கள். 2016ல் சின்ன அளவில் தகடு மிதக்கவிட்டும் பார்த்தார்கள். நீரின் தரத்தில் மாற்றமோ விலங்குகளுக்குப் பெரிய பாதிப்போ தெரியவில்லை என்பது முடிவு. அப்படியும் வெளிச்சமும் காற்றும் போக இடைவெளி விட்டார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் கலக்கும் கருவிகளைக் கூடுதலாக வைத்தார்கள்.

ஒரு நீர்த்தேக்கத்தின் பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது. கிராஞ்சியிலும் மிதக்கும் தகடு அமைக்கும் திட்டம் இருக்கிறது. அங்கே மீன்பிடிக் கழுகுகள் உண்டு. அதுங்களுக்குத் திறந்த தண்ணீர் வேணும். கேள்வியை அங்கே புதுசாத்தான் கேட்கணும், தகடு போட்ட பிறகும் அளந்துகிட்டே இருக்கணும்.

கும்பாபிஷேகத்தன்று கருடன் வட்டமிடுதான்னு வானத்தையே பார்ப்போம். தெரிந்தால் கைகூப்பிக் கண்கலங்குவோம். அந்தச் செம்பருந்து மற்ற நாளில் எந்தத் தண்ணீரில் இறங்கி இரை தேடுதுன்னு நாங்க ஒருநாளும் கேட்டதில்லை.

சூரியசக்தி வேண்டாம்னு சொல்லவில்லை. வேணும்; இந்தச் சின்னத் தீவுக்கு ரொம்பவே வேணும். ஆனா நல்ல காரியம் செய்கிறோம் என்பதாலேயே கேள்வி கேட்காமல் இருந்துவிட முடியாது.

எங்க முடிவு: குஞ்சுகள் பறக்கும்வரை கூரையில் யாரும் ஏறுவதில்லை. அதுவரை யார் யார் அங்கே குடியிருக்காங்கன்னு ஒரு நோட்டில் எழுதுகிறோம். அடுத்த ஞாயிறு சேவைக்கு வரும்போது நீங்களும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. 🙏