தோலின் ஞாபகம்

மாணாக்கர்களின் மறதியைப் பற்றிப் புகார் சொல்லாத உபாத்தியாயர் உலகில் உண்டோ? நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்களுடைய தோல் மட்டும் ஒரு தடவை கற்றதை இலேசில் மறப்பதில்லை! இதை எனக்குப் போதித்தது ஒரு மாங்காய்.

பத்து வயதில், பண்ருட்டிக்கு அருகே பாட்டி வீட்டில், கோடை விடுமுறை முழுவதும் முந்திரிக்கொட்டை உடைத்தேன். விரல்களெல்லாம் கொப்புளித்தன, பிறகு ஆறின, நானும் மறந்தேன். முப்பது வருஷங்கள் சென்றன. தேவனாம்பட்டினத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பால் வடியும் மாங்காய் ஒன்றைக் கடித்துத் தின்றேன். இரண்டாம் நாள் உதடும் கன்னமும் வீங்கி, கண்ணாடியில் தெரிந்த மனிதர் யாரென்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

தோல் வைத்தியர் சிரித்தார். "முந்திரி, மா, துணிக்குக் குறியிட உதவிய சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைப் பகைத்த தோல் அதன் உறவினரையும் பகைக்கக்கூடும்" என்றார். இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, பகைப்பொருளை முதலில் அடையாளம் கண்டுகொள்ளப் பத்துப் பதினைந்து நாட்களாகுமாம். அதன்பின் அவற்றின் சந்ததி பல ஆண்டுகள், அநேகமாக ஆயுள் முழுவதும், உடலில் காவலிருக்கும். மறுபடி அப்பொருள் பட்டால், இரண்டொரு நாளில் படையெடுப்புத்தான். சிலருக்கு வேகம் தணிவதுண்டு. அதை நம்பியிருக்க முடியாது. இப்பகையைக் கண்டறிய, சந்தேகப்பட்ட பொருள்களை முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். 1895-ல் யாதஸோன் என்ற ஜெர்மானிய வைத்தியர் வெளியிட்ட முறை அது.

என் உதட்டின் கதை வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆனால் சென்ற மாதம் என் மாணவன் ஒருவனுடைய தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முந்திரி உடைத்துக் கை புண்ணாகி, வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது.

"கை சுத்தமா ஆறிடுச்சுங்க, ஐயா. பையனைக் காலேஜில் சேர்க்கணும். திரும்பவும் போகலாங்களா?" என்று இரு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.

"புண்தான் ஆறியிருக்கிறது, அம்மா, பகை ஆறவில்லை. பட்டால் திரும்ப வரும்" என்றேன்.

"கையுறை போட்டா வேலை ஓடாதுங்க. எடைக்குத்தானே கூலி? எண்ணெய் தடவிக்கிட்டுப் பார்க்கட்டுமா?"

"எண்ணெயை நம்பாதீர்கள்" என்றேன். அந்த அம்மாள் கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"அப்போ வேற என்ன வேலைங்க, ஐயா?"

அதற்குரிய பாடத்தை வைத்தியர் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று மாலை கடற்கரைக்குப் போகாமல், பையனின் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.