முட்டிக்குள்ள ஒரு குட்டிக் கயிறு

ரொம்ப நாளா ஆளைக் காணோமேன்னு ரெண்டே ரெண்டு பேர்தான் தனிமடல்ல கேட்டிருந்தீங்க. (மத்தவங்க நிம்மதியா இருந்திருக்கீங்க, புரியுது!) காரணம், இடது முட்டியில ஆபரேஷன். மூணு மாசம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில ஷட்டில் ஆடறது என் பழக்கம். போன வருஷம் ஒருநாள் பின்னாடி எகிறி ஒரு ஸ்மாஷ் அடிச்சுட்டு இடது கால்ல இறங்கினேன். பாதம் அதே இடத்துல நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. உள்ளேர்ந்து 'டப்'னு ஒரு சத்தம். யாரும் வந்து இடிக்கல. நானே எனக்கு வச்சுக்கிட்ட ஆப்பு. வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முட்டி தேங்காய் மாதிரி வீங்கிடுச்சு.

"சுளுக்குதான் மாப்ள, எண்ணெய் போட்டு நீவினா போயிடும்"னார் மாமா. நீவினேன். மூணு வாரத்துல வீக்கம் வத்திடுச்சு, வலியும் போச்சு. வலி இல்லேன்னா சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்? அங்கதான் ஏமாந்தேன்.

நாலு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி, தூங்கிப்போன ரெண்டரை வயசுப் பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு மாடிப்படி இறங்கறேன். திரும்பற இடத்துல முட்டி சட்டுனு நழுவிடுச்சு. கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு எப்படியோ உக்காந்துட்டேன். பாப்பா எழுந்திருக்கக்கூட இல்லை. கீழே நின்ன தங்கமணி ஒண்ணுமே பேசல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மறுநாள் டாக்டர் முட்டியை லேசா மடக்கி, ஒரு கையால தொடையை அழுத்திப் பிடிச்சு, இன்னொரு கையால கீழ்க்காலை முன்னாடி இழுத்தார். இதுக்கு லாக்மன் சோதனைன்னு பேர். வலது கால் கொஞ்சம் நகர்ந்து 'டக்'னு நின்னுச்சு. இடது கால் பூட்டில்லாத டிராயர் மாதிரி வந்துச்சு. எம்.ஆர்.ஐ. எடுத்தா, ஏ.சி.எல். முழுசா அறுந்திருக்கு. அது இல்லாம நாலு மாசம் திரிஞ்சதுல, எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸும் கிழிஞ்சிருக்கு.

ஏ.சி.எல்.னா என்ன? தொடை எலும்போட அடியில ரெண்டு உருண்டை. அது உக்கார்ற கீழ்க்கால் எலும்போட தலை கிட்டத்தட்ட தட்டை. தட்டு மேல பந்து நிக்குமா? அதனாலதான் நடுவுல ரெண்டு தசைநார், பெருக்கல் குறி மாதிரி. முன்னாடி இருக்கறது ஏ.சி.எல். வெளிப்பக்க உருண்டையோட உட்சுவர்ல பின்னாடி ஆரம்பிச்சு, சாய்வா இறங்கி, கீழ்க்கால் எலும்போட முன்பக்கம் சேருது. சுமார் 3 செ.மீ. நீளம்தான். அதுலயும் ரெண்டு இழை: முட்டியை மடக்கினா ஒண்ணு இறுகும், நீட்டினா இன்னொண்ணு. கீழ்க்கால் முன்னாடி நழுவாம, திருகிக்காம பாத்துக்கறது இதோட வேலை.

கையில வெட்டுப்பட்டா ரத்தம் உறைஞ்சு, அதுமேல புதுத் திசு வளரும். மூட்டுக்குள்ள இருக்கற திரவம் அந்த ரத்தக்கட்டைத் தங்க விடாது. அதனால அறுந்த ஏ.சி.எல். சிலருக்குத் தானா சேர்ந்தாலும், அதை நம்பி உக்கார முடியாது.

எல்லாருக்கும் கத்திதான்னு நினைச்சுடாதீங்க. சுவீடன்ல 121 பேரை வச்சு நடத்தி 2010ல வெளியான ஆய்வுல, உடனே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களும், முதல்ல பயிற்சி செஞ்சுட்டுத் தேவைப்பட்டா மட்டும் பண்ணிக்கிட்டவங்களும் ரெண்டு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட ஒரே நிலைமையில இருந்தாங்க. என் முட்டி நழுவிக்கிட்டே இருந்துச்சு, மெனிஸ்கஸும் போச்சு. அதனால எனக்கு ஆபரேஷன்.

அறுந்ததைத் தைக்கல. தொடைக்குப் பின்னாடி இருக்கற ரெண்டு தசைநாணை உருவி, மடிச்சு, நாலு புரிக் கயிறா ஆக்கினாங்க. சின்னத் துளை வழியா கேமரா விட்டு, மேல எலும்புலயும் கீழ எலும்புலயும் சுரங்கம் போட்டு, கயிறை இழுத்து மாட்டினாங்க. மேல ஒரு குட்டி உலோகப் பொத்தான், கீழ ஒரு ஸ்க்ரூ. மெனிஸ்கஸுக்குத் தையல். முதுகுல ஊசி போட்டிருந்ததால முழிச்சுக்கிட்டே டிரில் சத்தம் கேட்டேன். நம்ம தெருவுல போர் போடற சத்தம்தான்!

இப்பதான் முக்கியமான விஷயம். புதுக் கயிறை உள்ள வச்சப்ப அதுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அதோட செல்கள் செத்து, புதுசா ரத்தக்குழாய் நுழைஞ்சு, மெள்ள மெள்ள அது தசைநாரா மாறணும். அந்த இடைக்காலத்துல, வச்ச அன்னிக்கு இருந்த பலம்கூட அதுக்கு இருக்காது. ஆனா அதே சமயத்துலதான் வீக்கம் வத்தி, வலி போய், நடையும் சரியாயிடுது. 2016ல வந்த ஓர் ஆய்வுப்படி, மைதானத்துக்குத் திரும்பறதை ஒன்பது மாசம் வரைக்கும் தள்ளிப்போடற ஒவ்வொரு மாசமும், மறுபடி அடிபடற வாய்ப்பைக் கிட்டத்தட்ட பாதியாக் குறைக்குது.

போன ஞாயித்துக்கிழமை நண்பர்கள் கூப்பிட்டாங்க. "சும்மா நின்ன இடத்துலயே ஆடுடா." முட்டியும் 'போலாம் போலாம்'னுச்சு. இதே முட்டிதான் போன வருஷம் மூணாவது வாரத்துலயும் அதையே சொல்லுச்சு.

போகல. சுவத்துல முதுகைச் சாய்ச்சு, ஃபிசியோ சொல்லிக்கொடுத்த மாதிரி அரைவாசி உக்காந்து எழுந்தேன். பாப்பாவும் பக்கத்துல நின்னு அதையே செஞ்சா. படி இறங்கறப்ப அவளைத் தூக்க இன்னும் தங்கமணி அனுமதி தரல. அது டாக்டர் அனுமதியைவிடக் கஷ்டம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. முட்டியில 'டப்'னு சத்தம் கேட்டு உடனே வீங்கினா, எண்ணெய் பாட்டிலைத் தேடாம எலும்பு டாக்டரைப் போய்ப் பாருங்க.