மதகுகளுக்குப் பின்னால் ஒரு துறைமுகம்

தெமெராரா ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஜார்ஜ்டவுன், கயானாவின் தலைநகரும் முதன்மைத் துறைமுகமும் ஆகும். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலிருந்து செல்லும் பயணிக்கு இது தலைகீழான ஊராகத் தோன்றக்கூடும். ஏனெனில், ஓதம் ஏறும் வேளையில் கடலின் நீர்மட்டம் இங்குள்ள தெருக்களைவிட உயர்ந்துவிடுகிறது. அமேசான் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் இக்கரை நெடுகப் பரவுவதால், கடலும் நீலமாக இல்லாமல் பழுப்பாகவே கிடக்கிறது.

டச்சுக்காரர் ஸ்டாப்ரூக் என்று பெயரிட்ட இந்நகருக்கு 1812இல் ஆங்கிலேயர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டினர். ஆயினும் ஊரைக் காக்கும் கால்வாய்களும், அவற்றின் வாயில் நிற்கும் 'கோக்கர்' எனப்படும் மதகுகளும் டச்சு மரபைச் சேர்ந்தவையே. கர்நாடகத்து ஏரி மதகு தேக்கிய நீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடுவது. கோக்கரோ ஓதம் வடியும்போது ஊர்நீரைக் கடலுக்கு வெளியேற்றி, ஓதம் ஏறும்போது கடலை உள்ளே விடாமல் கதவடைப்பது. கடற்சுவரையும் சேர்த்துப் பார்த்தால், கடலால் வாழ்ந்துகொண்டே கடலுக்கு அஞ்சிக் கதவு போட்டுக்கொண்ட துறைமுகம் இது எனலாம். வழிகாட்டி நூல்கள் பெரிதும் புகழ்வது ஸ்டாப்ரூக் சந்தையின் இரும்பு மணிக்கூண்டையும், மரத்தாலேயே எழுந்த புனித ஜார்ஜ் பேராலயத்தையும்தான்; நின்று பார்க்க வேண்டியவை கோக்கர்களே.

சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் குறித்த ஆண்டுகள் உழைப்பதாகக் கையொப்பமிட்ட ஒப்பந்தக் கூலிகளாக, 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் கயானாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்கள் சுமார் 15,000 பேரே. எங்கிருந்து ஏறினார்களோ அந்த ஊரின் பெயராலேயே 'மதராசிகள்' எனப்பட்ட இச்சிறுபான்மையினர், போஜ்புரி பேசிய பெரும்பான்மைக்கும் கிரியோல் ஆங்கிலத்துக்கும் நடுவில் தமிழைப் பேச்சுமொழியாகக் காப்பாற்ற இயலவில்லை. ஆயினும் 'காளி மாய்' வழிபாட்டில் மாரியம்மனும் வேப்பிலையும் தப்பும் நிலைத்துவிட்டன. தப்புக்கு அங்கும் தப்பு என்றே பெயர்.

1974 நவம்பரில் பெங்களூரில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் 163 ஓட்டங்கள் எடுத்த கிளைவ் லாயிட் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர் என்பதைப் பெங்களூர்க்காரர் சிலரேனும் நினைவில் வைத்திருப்பர். தமிழ்க் காதுக்கோ பிற்காலத்து ஆட்டக்காரர் வீராசாமி பெர்மாலின் பெயரே கூடுதல் நெருக்கமானது. 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் வீராசாமி நாகமூட்டூ. நாகமுத்து என்ற பெயர் ஆங்கில எழுத்துகளைக் கடந்து அங்கே இவ்வாறுதான் ஒலிக்கிறது.