குதிரைப் போலீஸும் ஒரு பாகப்பிரிவினையும்

எதிர்வழக்குரையின் ஆறாவது பத்தியில்தான் வழக்கின் உயிர் இருந்தது. ‘மேற்படி இளைய சகோதரர் நேட்டால் தேசத்தில் 1913-ம் வருஷம் போலீஸார் சுட்டதில், கல்யாணமாகாமலேயே காலமாகிவிட்டார்.’ இது ரூபித்துவிட்டால் டர்பனிலிருந்து பாகம் கேட்டு வந்த என் கட்சிக்காரருக்கு ஒரு சென்ட் கிடையாது. பிரியாத குடும்பத்தில் வாரிசில்லாமல் செத்தவன் பங்கு எஞ்சிய அண்ணனுக்குப் போகும். அன்றைய இந்துச் சட்டம் அதுதான்.

நிலம் விருத்தாசலத்தை ஒட்டிய மானாவாரிப் புஞ்சை. மல்லாட்டை விளைந்தவரை அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பீங்கான் தொழில் பெருகி, ஃபியூஸ் கேரியர் செய்கிற ஒருவர் அங்கே ஷெட் போட்டுச் சூளை வைக்க இடம் கேட்ட பிறகு சென்ட் கணக்கில் பேச்சு வந்தது. தென்னாப்பிரிக்காவோடு இந்தியாவுக்கு உறவு திரும்பியது 1993-ல். அதற்கு முன் அந்த நாட்டுக்குச் செல்லாது என்று நம் பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். கதவு திறந்ததும் பூர்விகம் தேடி வந்தவர்களில் என் கட்சிக்காரரும் ஒருவர். பவர் பத்திரம் டர்பனில் நோட்டரி முன் கையெழுத்தாகி வந்தது. அதற்கு இங்கே மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதைப் பல வக்கீல்கள் மறந்துவிடுவார்கள்.

கையில் இருந்த முக்கிய ஆவணம் கப்பல் பட்டியலின் நகல். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பேர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், இறங்கியபின் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டான் என்பது வரை எழுதியிருப்பார்கள். வெளிநாட்டுப் பொது ஆவணம் என்பதால் சாட்சியச் சட்டம் 78(6)-ன்படி சான்றிட்டு வரவழைத்தோம். இப்போது அந்தச் சட்டத்துக்குப் பேரே மாறிவிட்டது.

எதிரி சொல்லும் போலீஸ் யார், எங்கே சுட்டது என்று தெரியாமல் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. சென்னைக்குப் போகிற சமயமெல்லாம் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்தேன்.

கிராமத்தார் ‘குதிரைப் போலீஸ்’ என்று சொன்னது பேச்சு வழக்கில்லை, நேர்ப் பொருளில்தான். 1873-ல் லாங்கலிபலேலே என்ற லூபித் தலைவரை அடக்கப் போன வெள்ளைத் தொண்டர் படை மலைக் கணவாயில் திணறியது. மறு வருஷமே, 1874-ல், நேட்டால் காலனி அரசு டார்ட்னெல் என்ற ராணுவ அதிகாரியை வைத்து நேட்டால் குதிரைப் போலீஸை அமைத்தது. பேர்தான் போலீஸ். கையில் கார்பைன் துப்பாக்கி. 1879-ல் இசாண்டில்வானாவில் ஜூலுக்கள் ஆங்கிலேயப் படையை வெட்டிச் சாய்த்தபோது செத்தவர்களில் இந்தப் போலீஸாரும் உண்டு. பிறகு பேர் நேட்டால் போலீஸ் என்றானது. 1913 ஏப்ரல் 1-ம் தேதி தென்னாப்பிரிக்க ஒன்றியம் இதையும் மற்ற காலனிகளின் குதிரைப் படைகளையும் இணைத்துத் தென்னாப்பிரிக்க மவுண்டட் ரைஃபிள்ஸ் என்று ஐந்து ரெஜிமென்ட் ஆக்கியது. 1912 பாதுகாப்புச் சட்டப்படி அது ராணுவத்தின் நிரந்தரப் படை. அமைதிக் காலத்தில் செய்வது காவல் வேலை. ஒரு வக்கீலாக எனக்கு உறுத்தியது இந்த ஏற்பாடுதான். சுட்டவன் ராணுவத்தானா போலீஸா என்று கேட்டால் இரண்டு பக்கமும் கை காட்டலாம். நம் பக்கம் 1921-ல் மலபார் ஸ்பெஷல் போலீஸை உருவாக்கியபோது வெள்ளைக்காரனுக்குப் புதிதாக யோசிக்க வேண்டியிருந்திருக்காது.

சட்டம் எப்படி இருந்ததென்றால், 1891-ம் வருஷத்து நேட்டால் குடியேறிகள் சட்டத்தில் ஒரு பிரிவு. தோட்டத்துக் கூலிகள் அனுமதியில்லாமல் திரளாகப் புகார் சொல்லக் கிளம்பினால் தண்டனை. புகார் நியாயமானது என்று தெரியவந்தாலும் தண்டனை உண்டு. இதைப் படித்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தேன்.

ஒப்பந்தம் முடிந்தவனிடம் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி பிடுங்கியதை எதிர்த்து 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. காந்தி தலைமையில் டிரான்ஸ்வால் எல்லை தாண்டி நடந்தவர்களை ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து, சுரங்க மேஸ்திரிகளை வார்டர்களாக்கி, அதே கரியைத் தோண்டச் சொன்னார்கள். நவம்பரில் நெருப்பு கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கமும் எஸ்பெரன்ஸா பக்கமும் கம்பும் கரும்பு வெட்டும் கத்தியுமாக நின்ற கூட்டத்தைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் பச்சையப்பன், செல்வன் என்று நம் பேர்கள். இதை விசாரிக்கச் சாலமன் கமிஷன் உட்கார்ந்தது. இந்தியர்களை விரோதிக்கும் இருவர் அதில் இருந்ததால் காந்தி புறக்கணித்தார். 1914 மார்ச்சில் வந்த அறிக்கை மூன்று பவுன் வரியை எடுக்கச் சொன்னது, சுட்டதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

என் கட்சிக்காரரின் முப்பாட்டனாரான அந்த இளைய சகோதரரைக் கப்பல் பட்டியல்படி அனுப்பியிருந்த இடம் டண்டீயில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். துப்பாக்கிச் சூடு நடந்த தோட்டங்கள் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

மூன்றாம் பிரதிவாதி எண்பதைத் தாண்டிய ஆயா. கூண்டில் நாற்காலி போடச் சொன்னார் சார்பு நீதிபதி. கேட்டறிந்த சாட்சியம் என்ற என் ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு பதிவு செய்தார்.

“சின்னவரு அங்க என்ன வேலை பார்த்தாராம் ஆயா?”

“கரும்புத் தோட்டத்துல வக்கீலய்யா. கரும்பு வெட்டுற கத்தியோட நின்னாங்களாம். குதிரையில வந்து சுட்டுப்புட்டானாம். எங்க மாமனாரு சொல்லிச் சொல்லி அழுவாரு.”

“கரி தோண்டுற சுரங்கத்துல இல்லையா?”

“அதென்னா கரி? கரும்புதான்.”

அந்தப் பதில் எங்களுக்குச் சாதகம் என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் புரிந்தது. ஆனால் ஆயா பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன கத்தி, குதிரை எல்லாம் நான் புத்தகத்தில் படித்த அதே விவரம். நடந்தது நிஜம், வேறொருவருக்கு நடந்தது. எவனோ ஊர் திரும்பியவன் கொண்டுவந்து சேர்த்த கதை, கடிதம் நின்றுபோன ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுப் பிள்ளையின் சாவாக மாறியிருக்க வேண்டும். அங்கே சுட்ட குண்டுக்கு இங்கே எத்தனை தம்பிகளின் பாகம் போயிற்றோ, கணக்கெடுக்க ஆளில்லை.

சுரங்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆளை மாற்றியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நியாயமான கேள்வி. பதிலாக, குடியேறிகள் பாதுகாப்பு அதிகாரியிடம் பதிவான கல்யாணத்தையும் 1916-ல் டண்டீயில் பிறந்த மகனின் பதிவையும் காட்டினோம். தகப்பன் பேருக்குப் பக்கத்தில் அதே கப்பல் எண். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் செத்ததாகக் கொள்ளலாமே தவிர, இந்தத் தேதியில் செத்தார் என்று கொள்ள முடியாது என்ற பிரிவி கவுன்சில் தீர்ப்பையும் வைத்தேன்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. எண்பது வருஷத் தனி அனுபோகம். உரிமையை மறுத்து வெளியேற்றிவிட்டோம் என்று அவர்கள் ரூபித்தால் பிறப்புப் பதிவு எதற்கும் உதவாது. வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் 1931-ம் வருஷத்து அடமானப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தது. ‘நேட்டாலில் இருக்கும் என் தம்பி பாகத்துக்கும் சேர்த்து’ என்று அதில் ஒரு வரி. பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார் என்றார்கள். நீதிபதி சிரித்துவிட்டார். தம்பி பாகத்தை ஒப்புக்கொண்டவர் அதைப் பறித்ததாகச் சொல்ல முடியாது என்று முதனிலைத் தீர்ப்பாணை பாதிக்குப் பாதி வந்தது.

கடலூரில் மேல்முறையீடு போய், அங்கே ராஜி. என் கட்சிக்காரர் பங்குக்குக் கிரயம் வாங்கிக்கொள்வது, நிலம் அவர்களுக்கே. ராஜி மனுவில் ‘சுட்டதில் இறந்தார் என்பது தவறு, டண்டீயில் மூப்பால் காலமானார்’ என்று ஒரு பத்தி சேர்த்திருந்தேன். ஆயா ரேகை வைக்க மாட்டேன் என்றார். பணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. “எங்க மாமனாரு பொய் சொன்னாருன்னு நான் எழுதித் தர மாட்டேன் தம்பி” என்றார். டர்பனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ‘அயல்நாட்டில் காலமாகிவிட்டார்’ என்று மட்டும் எழுதித் தாக்கல் செய்தோம்.