2020-ஐத் தேடி புத்ராஜெயாவில்

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியதும், மோனோரயில் எங்கே நிற்கும் என்று காவலாளியிடம் கேட்டேன். வேண்டுமென்றே கேட்டதுதான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னும் வரவில்லை” என்று மலாயில் சொன்னார். 2003-இல் வேலை தொடங்கி 2004-இல் நிறுத்திய ரயில் அது.

நான் வந்தது எம்ஆர்டி ரயிலில். 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள புத்ராஜெயா பாதை 2023 மார்ச்சில் முழுதாகத் திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் நிலையத்தில் ஏறி ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அட்டையில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போலக் குறைந்தது. இதே ஊருக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலைய ரயிலில் வந்திருந்தால் 14 வெள்ளி ஆகியிருக்கும். சைபர்ஜெயா தாண்டும்போது பெட்டியில் என்னைத் தவிர நாலு பேர் இருந்தார்கள்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1991 பிப்ரவரி 28 அன்று மலேசிய வணிக மன்றக் கூட்டத்தில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஒரு கட்டுரை வாசித்தார். முப்பது ஆண்டுகளில் மலேசியா முழுமையாக வளர்ந்த நாடாகும் என்பது அதன் சாரம். தூரநோக்கு 2020 என்று அதற்குப் பேர் வந்தது. ஆண்டுக்குச் சராசரி 7 விழுக்காடு வளர்ச்சி, பத்து ஆண்டுக்கு ஒருமுறை பொருளாதாரம் இரட்டிப்பு, 1990-இல் 115 பில்லியன் வெள்ளியாக இருந்த உற்பத்தி அதே விலைவாசிக் கணக்கில் 2020-இல் 920 பில்லியன். இதோடு ஒன்பது சவால்கள். முதலாவது, இனங்கள் ஒன்றுபட்ட நாடு. வளமான பொருளாதாரம் ஒன்பதாவதாகத்தான் வருகிறது. ஆனால் மேடைக்கு மேடை பேசப்பட்டது அந்த ஒன்பதாவதுதான்.

அப்போது பள்ளிக்கூடங்களில் 2020-ஐ வரையச் சொல்வார்கள். எல்லாருடைய தாளிலும் கார் பறக்கும். பறக்காத காரை வரைந்தவன் மார்க் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

1998-இல் ஆசிய நிதி நெருக்கடியில் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. குறித்த ஆண்டான 2020-ஓ கொரோனாவோடு வந்து இன்னொரு சுருக்கத்தோடு போனது. அதற்கு முந்தைய ஆண்டே, மறுபடி பிரதமராகியிருந்த மகாதீர் ‘கூட்டு வளப்ப இலக்கு 2030’ என்று அடுத்ததை வெளியிட்டுவிட்டார். ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒருபுறம் ஓடிக்கொண்டே இருக்கின்றன; பன்னிரண்டாவது நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் போனேன். ஏடுகளில் இருப்பதை வீட்டிலிருந்தே படிக்கலாம். கண்ணால் பார்க்கக்கூடியதாக அந்தத் தூரநோக்குக் காலம் விட்டுப்போன ஆகப் பெரிய பொருள் இந்த ஊர். அதனால்தான் கிளம்பினேன்.

பஸ் பிடித்து டாத்தாரான் புத்ராவில் இறங்கினேன். ஒரு பக்கம் பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம், 1999-லிருந்து இங்கேதான். இன்னொரு பக்கம் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் புத்ரா பள்ளிவாசல், 116 மீட்டர் கோபுரம். பின்னால் ஏரி. 650 ஹெக்டர், முழுக்க வெட்டி நிரப்பிய தண்ணீர். சீனச் சுற்றுலாப் பயணிகள் பள்ளிவாசலில் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படம் எடுத்தார்கள். அழகான ஊர்தான், அதில் சந்தேகம் இல்லை. குப்பை கிடையாது. ஹாரன் சத்தம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

சதுக்கத்துக்குக் கீழே ஏரிக்கரையில் செலேரா புத்ரா உணவு வளாகம். நாசி லெமாக் மூன்றரை வெள்ளி, தே ஓ ஐஸ் இரண்டரை. எதிரில் உட்கார்ந்த அமைச்சு ஊழியர் ஒருவர், வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு, ஊர் நிரம்பி வழிகிறது என்றார். இருக்கலாம். ஆனால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகத் திட்டமிட்ட நகரம் இது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணியவர்கள் 1,09,202 பேர். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னத்துக்கு?

புத்ரா பாலத்தை நடந்தே கடந்தேன். 435 மீட்டர். ஈரானில் இஸ்பஹான் நகரத்து கஜூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது. மேல்தளத்தில் கார்கள். கீழ்த்தளம் மோனோரயிலுக்காக விட்டது. கைப்பிடிச் சுவரில் எக்கிப் பார்த்தும் எனக்குப் புறாக்கள்தான் தெரிந்தன. பாலம் முடிந்ததும் பெர்சியாரான் பெர்டானா தொடங்குகிறது. பிரதமர் அலுவலகத்திலிருந்து மாநாட்டு மையம் வரை நூல் பிடித்தாற்போல் 4.2 கிலோமீட்டர் நேர்ச்சாலை, இருபுறமும் அமைச்சுகள். திறப்பு விழாக்களில் டிவியில் பார்த்திருப்பீர்கள். கேமரா காட்டாதது வெயில். பதினொன்றரை மணிக்கு அந்த அகன்ற நடைபாதையில் நானும், தோட்ட வேலை பார்க்கும் வங்காளதேசத் தொழிலாளிகள் இருவரும் மட்டும். தரைக்கற்கள் அங்கங்கே பெயர்ந்து மிதித்தால் ஆடின. ஒரு கிலோமீட்டர் போனபிறகும் தண்ணீர் வாங்க ஒரு கடை இல்லை. காரில் போகிறவர்களை மனதில் வைத்து வரைந்த ஊர் என்பது காலுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

ஏரிப்பக்கம் திரும்பினால் 68 மீட்டர் உயரப் புத்தாயிரம் ஆண்டு நினைவுத்தூண். நாட்டு வரலாற்றின் முக்கியத் தேதிகளைப் பொறித்திருக்கிறார்கள். கொஞ்சம் நின்று வாசித்தேன். இந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது என்று நான் வாசித்த வரையில் ஒரு வரியும் இல்லை.

பாதிப் பாலத்தை ஒரு வழியாகக் கண்டுபிடித்தேன். மோனோரயிலுக்கென்றே கட்டிய தொங்குபாலம், 240 மீட்டர். தூண்கள் உண்டு, கம்பிவடங்கள் உண்டு, தளமும் உண்டு. அதில் ஏறும் தண்டவாளமும் இறங்கும் தண்டவாளமும் கிடையாது. இரு முனையும் அந்தரத்தில் நிற்கின்றன. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர், “அடுத்த வருஷம் வரும் என்கிறார்கள்” என்றார். எந்த வருஷம் முதல் என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தூண்டிலைப் பார்த்தார். கம்பிவடம் பிணைத்த இடத்தில் துரு இறங்கி கான்கிரீட்டில் பழுப்புக் கோடாக வழிந்திருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு கிராப் கார் பிடித்தேன். டிங்கில், தாமான் பெர்மாத்தா. 15 வெள்ளி.

புத்ராஜெயா இருக்கும் இடம் முன்பு தோட்டக்காடு. பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜிலி தோட்டங்கள். பிராங் பெசார், முதல் உலகப்போரில் சண்டைபோட்டுத் திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் 1921-இல் தொடங்கியது. ரப்பர் ஆராய்ச்சிக்குப் பேர்போனது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு பிபி 86, பிபி 260 என்ற ஒட்டுரகங்கள் பழக்கமாக இருக்கும். அந்த ‘பிபி’ இந்தத் தோட்டம்தான். பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1995-இல் நகரத்துக்கு அடிக்கல் விழுந்தது, 90-களின் கடைசியில் சுமார் 400 குடும்பங்கள் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிபெயர்ந்தன.

பத்து கிலோமீட்டர்கூட இராது, சாலையின் முகமே மாறிவிட்டது. நடுவில் பூச்செடி இல்லை. ஓரத்தில் மோட்டார் பட்டறை, டுரியான் கடை, மணல் லாரிகள். பிறகு மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகள் வரிசையாக வந்தன. சுவர்களில் விரிசல் என்று பத்திரிகைகளில் படித்திருந்தேன். படித்ததை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தின் மூலையில் நின்று பார்த்தேன். படிக்கட்டும் சுவரும் சேரும் இடத்தில் என் சுண்டுவிரல் நுழைந்தது. விரிசலுக்குள் யாரோ எப்போதோ சிமெண்டைப் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சும் வெடித்திருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு சாமி மேடை, முன்னால் கற்பூரத் தட்டு. மாடிக் கைப்பிடிகளில் மோட்டார் கம்பெனிச் சீருடைகளும் பள்ளிச் சீருடைகளும் காய்ந்தன.

“யாரைப் பார்க்கணும் தம்பி?” என்று இரண்டாவது மாடியிலிருந்து ஓர் அக்கா கேட்டார். சொன்னதும் மேலே கூப்பிட்டார். இரண்டு அறை வீடு, அம்மா, மகள், அவர். கணவர் இறந்துவிட்டார். கேலவேயில் பிறந்தவர். அங்கே தனி வீடு, வாசலில் முருங்கை, பின்னால் கோழிக்கூடு என்று எண்ணிச் சொன்னார். “இங்க வரும்போது கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் தரைவீடுன்னாங்க. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அதையே சொல்றாங்க. இப்ப வந்திருக்கிற அரசாங்கமும் சொல்லுது. இவங்க கட்டுவாங்கன்னுதான் நெனக்கிறேன்.” கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மா, “நீ போன தடவையும் அப்படித்தான் நெனச்சே” என்றார்.

அக்காவுக்கு வேலை எங்கே தெரியுமா? புத்ராஜெயாவில். காலையில் நான் கடந்துவந்த அதே சாலையில், ஒரு அரசாங்கக் கட்டடத்தில் துப்புரவு வேலை. குத்தகைக்காரர் மாறினாலும் வேலை மாறாது. விடியற்காலை ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். சம்பளம் 1,500 வெள்ளி; 2022 மே முதல் அப்போது அதுதான் குறைந்தபட்சச் சம்பளமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 1970-இல் நாட்டில் வறுமை 49.3 விழுக்காடு. அது சரிந்து சரிந்து 2016-இல் வெறும் 0.4 விழுக்காடு என்று அரசாங்கம் சொன்னது. பெரும் சாதனை, அதில் கணிசமான பங்கு உண்மையும்கூட. 2019-இல் ஐநா சார்பில் வந்த பிலிப் ஆல்ஸ்டன் இந்த 0.4-ஐ நம்ப மறுத்தார். வறுமைக்கோடே ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்றுதான் வைத்திருந்தார்கள். அரசாங்கம் முதலில் கோபப்பட்டது. பிறகு 2020 ஜூலையில் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தியது. அப்படிப் பார்த்தால் 2019-இன் வறுமை 5.6 விழுக்காடு. 2022-க்குக் கோடு 2,589, வறுமை 6.2. இந்தக் கோட்டைப் போடும் புள்ளிவிவரத் துறையும் புத்ராஜெயாவில்தான் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. 15 வெள்ளிக்கு ஒரு கார் எடுத்திருந்தால் 980 வெள்ளியில் ஒரு வீடு எப்படி ஓடும் என்று நேரில் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

குறிப்பேட்டைக் காட்டி அக்காவுக்கு இதை விளக்கினேன். சராசரிக் குடும்பத்துக்குப் போட்ட கோடு, ஆளுக்குத் தகுந்தாற்போல் கூடும் குறையும் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஒரே சம்பளத்துல, பழைய கணக்குக்கு நாங்க ஏழை இல்ல, புதுக் கணக்குக்கு ஏழையா?” என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

2020 பற்றிப் பள்ளியில் ஏதாவது வரைந்தீர்களா என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. தூரநோக்குப் பாட்டு மட்டும் ஞாபகம் இருந்தது. மலாயில் ஒரு வரி முனகினார். பத்தொன்பது வயது மகள் சைபர்ஜெயாவில் படிக்கிறாள். கட்டணத்தில் பாதி கல்விக் கடன். “கேலவேயிலயே இருந்திருந்தா நானும் பாலுதான் வெட்டியிருப்பேன்” என்று அந்தப் பெண் குறுக்கிட்டுச் சொன்னாள். அம்மா மறுத்துப் பேசவில்லை. நானும் அதை எழுதிக்கொண்டேன், ஏனென்றால் அதுவும் அங்கே கேட்டதுதான்.

எழுந்தபோது அக்கா விடவில்லை. “தரைவீடு, வறுமைக்கோடு எல்லாம் பெரிய சமாச்சாரம். எழுதுறதுன்னா மேல வந்து ஒண்ணு பாருங்க” என்று நாலாவது மாடிக்கு அழைத்துப் போனார். கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் வளைவில் கசிந்ததால், படிக்கட்டில் நீலப் பெயிண்ட் டப்பா ஒன்றை வைத்திருந்தார்கள். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பாசி பிடித்த படியில் போன மாதம் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததாம். புகார் கொடுத்தாயிற்று, ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். “குழாய மாத்த எவ்வளவு ஆகும்னு கடையில விசாரிச்சோம். கூலியோட 180 வெள்ளி. வீட்டுக்குப் பத்து வெள்ளி வசூல் பண்றோம், இன்னும் ஏழு வீடு பாக்கி” என்றார் அக்கா.