கப்பலுக்கும் இனிஷியல் உண்டு

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் சேரப் போனாலும் சரி, பேங்கில் கணக்கு ஆரம்பிக்கப் போனாலும் சரி, பெயரைச் சொன்னவுடன் வரும் அடுத்த கேள்வி "இனிஷியல் என்ன?" என்பதுதான். ஒரே வகுப்பில் நான்கு செந்தில்குமார் இருந்தால் பிரித்துக் காட்டுவது அந்த ஒற்றை எழுத்து. யார் வீட்டுப் பிள்ளை என்பதை அது சொல்லிவிடும்.

கப்பல்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. எஸ்.எஸ்., எம்.வி., ஆர்.எம்.எஸ்., ஐ.என்.எஸ். என்று பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு என்ன அர்த்தம்?

முதலில் எளிதானவை. எஸ்.எஸ். என்றால் ஸ்டீம் ஷிப், அதாவது நீராவிக் கப்பல். எம்.வி. என்றால் மோட்டார் வெசல், டீசல் இன்ஜினில் ஓடுவது. எம்.டி. என்றால் மோட்டார் டேங்கர், எண்ணெய் ஏற்றும் கப்பல். இவை கப்பல் எதில் ஓடுகிறது, என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். முதலாளி யார் என்று சொல்லாது. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கம்பெனி வாங்கிய காலியா, லாவோ இரண்டும் எஸ்.எஸ். கப்பல்கள்தான். அவற்றை எதிர்த்துக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களும் எஸ்.எஸ். தான்! இந்தக் கம்பெனியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் வரும்.

அடுத்து ஆர்.எம்.எஸ். டைட்டானிக் படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எழுத்துகள். ராயல் மெயில் ஷிப் என்பது விரிவு. பிரிட்டிஷ் தபால் துறையோடு ஒப்பந்தம் போட்டு தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் கப்பல் என்று அர்த்தம். தபால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதனால் இந்த எழுத்துகள் இருந்தால் வேகமான, நம்பகமான கப்பல் என்று பயணிகளிடமும் நல்ல பெயர். கம்பெனிக்குத் தபால் வருமானத்தோடு விளம்பரமும் சேர்ந்து கிடைத்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதில் ஐந்து தபால் ஊழியர்கள் இருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற, மூட்டைகளை மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்களாம். ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 'மெயில்' என்ற அந்த ஒரு எழுத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

போர்க்கப்பல்களுக்கு வந்தால் கதை வேறு. இங்கே எழுத்துகள் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று சொல்லும். எச்.எம்.எஸ். பிரிட்டன், யு.எஸ்.எஸ். அமெரிக்கா, ஐ.என்.எஸ். இந்தியா. கட்டி முடித்து மிதக்கவிட்டால் மட்டும் இந்த எழுத்துகள் வந்துவிடாது. கடற்படையில் முறைப்படி சேர்க்க வேண்டும். பிரிட்டனில் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன விமானந்தாங்கிக் கப்பலை 1957-இல் இந்தியா வாங்கியது. வேலை முடிந்து 1961 மார்ச் 4 அன்று கடற்படையில் சேர்ந்த பிறகுதான் அது ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆனது. 1997-இல் ஓய்வு பெற்றது. அதே பெயரில் கொச்சியில் கட்டிய புதிய கப்பல் 2013-இல் தண்ணீரில் இறங்கினாலும், ஐ.என்.எஸ். ஆவதற்கு 2022 செப்டம்பர் 2 வரை காத்திருந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய் டாங்குகள் மீது குண்டு போட்ட எம்டனின் இனிஷியல் என்ன தெரியுமா? எஸ்.எம்.எஸ்! செல்போன் சமாச்சாரம் இல்லை. 'மாட்சிமை தங்கிய அரசரின் கப்பல்' என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள். அந்த நவம்பர் 9 அன்று எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதன் கதையை முடித்தது. இனிஷியலைத் தொலைத்துவிட்டு 'எம்டன்' மட்டும் தமிழில் தங்கிவிட்டான்.

இந்த எழுத்துகள் நிரந்தரமானவை அல்ல. வணிகக் கப்பல்களுக்கு நிரந்தரம் என்றால் ஐ.எம்.ஓ. எண் என்ற ஏழு இலக்கம்தான். பெயர், முதலாளி, கொடி எது மாறினாலும் அது மாறாது. அது வந்தது 1987-இல். அதற்கு முன் இனிஷியல் மாறி, தலையெழுத்தும் மாறிய ஒரு கப்பல் உண்டு.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1926-இல் சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் பாதைக்காக இரண்டு கப்பல்கள் கட்டியது. எஸ்.எஸ். ரஜூலா, எஸ்.எஸ். ரோனா. மலேயாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்களை ஆயிரக்கணக்கில் மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டு போனவை. இரண்டாம் உலகப்போர் வந்தது. இரண்டும் படை ஏற்றப் போயின. ரோனாவின் பெயருக்கு முன்னால் எஸ்.எஸ். போய் எச்.எம்.டி. வந்தது. கைக்கடிகாரம் இல்லை, மன்னரின் போக்குவரத்துக் கப்பல்.

1943 நவம்பர் 26. அல்ஜீரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் இயக்கும் குண்டை ஏவியது. ரோனா மூழ்கியது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள். போர்க்கால ரகசியம் என்று விவரத்தை மூடி வைத்தார்கள். 2000-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு அந்த வீரர்களுக்கு மரியாதை செய்தது.

இறந்தவர்களில் கப்பல் ஊழியர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். பெரும்பாலும் இந்தியர்கள். கரி அள்ளியவர்கள், சமைத்தவர்கள், கயிறு இழுத்தவர்கள். இவர்கள் யாரும் சிப்பாய்கள் இல்லை, கம்பெனியிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். இனிஷியல் எஸ்.எஸ். ஆக இருந்தபோது செய்த அதே வேலையைத்தான் எச்.எம்.டி. ஆன பிறகும் செய்தார்கள். குண்டு மட்டும் புதிது.

ரஜூலா தப்பிவிட்டது. போர் முடிந்ததும் மறுபடியும் நாகப்பட்டினத்துக்கு வந்து, 1970-களின் தொடக்கம் வரை தமிழர்களைச் சுமந்தது. அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "ரஜூலா கப்பல்ல வந்தோம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இனிஷியல் இல்லாமல்தான் சொல்வார்கள். கூடப் பிறந்த ரோனாவைப் பற்றிக் கேட்டால்தான் தெரியாது என்பார்கள்.